மேசையில் வைத்துப் பார்க்காதீர்கள், சுவரில் மாட்டிப் பாருங்கள்

மாவட்ட அளவிலான பள்ளி மாணவர் விளம்பரச் சுவரொட்டிப் போட்டியை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

இந்த ஆண்டுப் போட்டிக்காக நீங்கள் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கும் அறிவிப்பில், கையால் வரைந்த சுவரொட்டிகள் இனி ஏற்கப்படமாட்டா என்றும், கைப்பேசிச் செயலியிலோ கணினியிலோ வடிவமைத்து ஏ4 அளவில் அனுப்பப்படும் கோப்புகள் மட்டுமே நடுவர்களின் பார்வைக்கு வைக்கப்படும் என்றும் ஒரு விதி சேர்க்கப்பட்டுள்ளது. இந்த விதியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். இதற்கான காரணங்களைத் தனிக் கடிதமாக எழுதி அனுப்பியும் பதில் வரவில்லை. ஆகவே வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகிவிட்ட பழைய வேலூர் மாவட்டப் பகுதியின் ஓவிய ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் ஓவிய ஆசிரியன். 2012இல் தமிழ்நாடு முழுவதும் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அரசு நியமித்தபோது பள்ளிக்குள் வந்தவர்களில் ஒருவன். அதற்கு முன் குடியாத்தத்திலும் காட்பாடியிலும் போர்டு எழுதிப் பிழைத்தேன். ஃபிளெக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழிலை இல்லாமல் ஆக்கியது. பழைய தொழிலின் மீதுள்ள பற்றால் கணினியை எதிர்க்கிறான் என்று தயவுசெய்து எண்ணிவிட வேண்டாம். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் கணினியில் வடிவமைத்துச் சம்பாதிக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள் என்று அவர்களை அனுப்பியவனே நான்தான். எதைக் கொண்டு செய்தாலும் ஒரு சுவரொட்டியைச் செய்வதற்கு முன் பிள்ளை யோசித்தாக வேண்டிய விஷயங்கள் சில உண்டு. உங்கள் புதிய விதி அந்த யோசனைக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது. என் மறுப்பு அதற்குத்தான்.

அறிவிப்பு வந்த பிறகு எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளில் சொந்தமாகக் கைப்பேசி உள்ளவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள், காலணித் தொழிற்சாலை வேலை முடிந்து அம்மா வீடு திரும்பும்வரை காத்திருந்து, அவர் சமைக்கும் நேரத்தில் அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் பிரௌசிங் சென்டருக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் தலைப்பைக் கேட்டு, செயலியில் ஆயத்தமாக இருந்த ஒரு மாதிரியை எடுத்து, அதில் இருந்த ஆங்கில வாசகத்தை நீக்கித் தமிழ் வாசகத்தை ஒட்டி, கீழே பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் போட்டு, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார். தண்ணீர் சேமிப்பு என்ற தலைப்புக்கு எங்கள் பள்ளியிலிருந்து தயாரானவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு கைகள் உலக உருண்டையை ஏந்தியிருந்தன. மேலே ஒரு குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பாலாற்று மணலைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இவர்கள். ஆற்றில் தண்ணீர் ஓடிய சில நாட்களைத் திருவிழாவைப் போலப் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்கள். தெருக்குழாயில் குடங்களை வரிசை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடி வருபவர்கள். அந்தக் குடங்களில் ஒன்றுகூட எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. அந்தப் படத்தை ஏன் வைத்தாய் என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "அது அதுலயே இருந்தது சார்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அவன் முடிவு செய்ய வேண்டிய அனைத்தையும் அந்தச் செயலி அவனுக்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தது.

விளம்பரச் சுவரொட்டியை எப்படிக் கற்பிக்கிறோம் என்பதை இங்கே விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் போட்டி விதிகளை எழுதியவர்கள் அதை ஓவியத்தின் ஒரு வகையாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முதல் வகுப்பில் நான் தாளும் வண்ணமும் தருவதில்லை. பிள்ளைகளைப் பள்ளி மதிலுக்கு வெளியே அழைத்துப்போய் எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொல்வேன். எங்கள் ஊர்ச் சுவர்களைவிடச் சிறந்த பாடநூல் இதற்குக் கிடையாது. தை பிறந்தால் காளை விடும் விழாவின் சுவரொட்டிகள் வரும். பாயும் காளை ஒன்று பாதித் தாளை அடைத்துக்கொண்டிருக்கும், அதன் கொம்பு அருகே முதல் பரிசுத் தொகை இருக்கும், ஊர்ப் பெயரும் நாளும் அதற்குக் கீழே. ஆண்டு முழுவதும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டப்படும். முகம், பெயர், மறைந்த நாள், அடக்கம் நடக்கும் இடம், நேரம். பெரும்பாலும் வண்ணம்கூட இருக்காது, ஆனாலும் மிதிவண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றிப் படிக்காமல் போகிறவர் குறைவு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போனால், வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் நோயாளிகளின் உறவினர்களுக்காகத் தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு என்று பல எழுத்துகளில் விடுதிப் பலகைகள் தொங்கும். இவற்றைக் காட்டிப் பிள்ளைகளிடம் நான் கேட்பவை மிக எளிய கேள்விகள். முதலில் உன் கண் எங்கே போயிற்று? அடுத்து எங்கே? இதை யார் படிக்க வேண்டும் என்று எழுதியவர் நினைத்தார்? படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை தாளின் முன் உட்காரும்போது வேறு பிள்ளையாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு உங்கள் போட்டியில் உள்ளூர் விளைபொருள் ஒன்றுக்கு விளம்பரம் செய்யச் சொல்லியிருந்தீர்கள். நல்ல தலைப்பு, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள். அவளுடைய முதல் படத்தில் மலை, சூரியன், ஏர் ஓட்டும் உழவர், கூடை நிறையக் காய், அடுப்பில் கொதிக்கும் குழம்பு, கீழே நான்கு வரி வாசகம், சுற்றிலும் பூவேலைப்பாடு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் அழகாகவே வரையப்பட்டிருந்தது. இதை யாருக்காக வரைகிறாய் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பெங்களூருக்குப் போற வண்டியில இருக்கிறவங்களுக்கு சார். நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியுமே. அவங்க இதைச் சாதாக் கத்தரிக்கான்னு நெனச்சிட்டுப் போயிடுவாங்க" என்றாள். அப்படியானால் சாதாக் கத்தரிக்காயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எது என்றேன். "முள்ளு" என்றாள்.

அதன் பிறகு அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மலை போயிற்று, உழவர் போனார், குழம்பும் போயிற்று. குழம்பை விடுவதற்குத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து பிறகு எடுத்தாள். கடைசியில் தாள் முழுவதும் ஒரே ஒரு காயின் காம்புப் பகுதி மட்டும், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்ட முட்களோடு நின்றது. அதைப் பிடிக்க நீண்டு, தொடாமல் தயங்கி நிற்கும் ஒரு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓர் ஓரத்தில். பின்னணி வெறும் மஞ்சள். மேலே "முள் குத்தும், ருசி விடாது" என்று கறுப்பில் ஒரு வரி. கீழே காயின் பெயர். வராந்தாவின் ஒரு கோடியில் அதை மாட்டிவிட்டு மறுகோடியில் நின்று பார்த்தோம். முட்கள் தெரிந்தன, வாசகம் படிக்க வந்தது. தலைமை ஆசிரியரைப் பார்க்க வந்திருந்த பெற்றோர் ஒருவர் அதன் முன் தானாக நின்று பார்த்தார்.

அந்தச் சுவரொட்டி பரிசு பெறவில்லை. பரிசு தருவதும் தராததும் உங்கள் உரிமை. அதைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை. திரும்பி வந்த சுவரொட்டியின் பின்புறம் நடுவர் குறிப்பு ஒன்று எழுதப்பட்டிருந்தது: "தாளில் காலி இடம் அதிகம்." அந்தக் குறிப்பைப் பற்றித்தான் கேட்கிறேன். காலி இடம் அவள் சோம்பலால் விட்டதல்ல, ஐயா. ஓரத்துக் கடையின் விளம்பரமும் பக்கத்து அரசியல் சுவரொட்டியும் முண்டியடிக்கும் ஒரு சுவரில், தன்னுடைய பொருள் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக அவள் பாடுபட்டு உண்டாக்கிய இடம் அது. நிரப்புவதற்கு அவளிடம் மலையும் உழவரும் இருந்தார்கள். வேண்டாம் என்று அவள் முடிவு செய்ததுதான் அந்தப் படத்தின் ஆகச் சிறந்த பகுதி.

விளம்பர வடிவமைப்பின் வரலாற்றில் பலரும் எடுத்துச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதற்கு மிகவும் பொருந்தும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், பெர்லினில், பிரீஸ்டர் என்ற தீக்குச்சி நிறுவனம் சுவரொட்டிப் போட்டி ஒன்றை நடத்தியது. லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் முதலில் மேசை விரிப்பு, சாம்பல் கிண்ணம், சுருட்டு, புகையில் ஆடும் பெண்கள் எல்லாவற்றையும் வரைந்தாராம். பார்த்த நண்பர் இது சுருட்டு விளம்பரமா என்று கேட்கவே, ஒவ்வொன்றாக அழித்து, இரண்டு தீக்குச்சிகளையும் நிறுவனத்தின் பெயரையும் மட்டும் விட்டுவைத்தார். நடுவர்கள் அதை முதலில் ஒதுக்கிவிட்டார்கள் என்றும், பின்னர் வந்த ஒரு நடுவர் ஒதுக்கப்பட்டவற்றிலிருந்து அதை எடுத்து இதற்குத்தான் முதல் பரிசு என்றார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சுவரொட்டியைப் பின்பற்றி ஜெர்மனியில் ஒரு வடிவமைப்புப் பாணியே உருவாயிற்று. தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தத்துப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் வீட்டில் அடுக்கியிருக்கும் பெட்டியின் சின்னஞ்சிறு படமும் யாரோ யோசித்துச் செய்ததுதான் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

நடுவர்கள் பார்க்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் கூட்ட அரங்கில் சுவரொட்டிகளை மேசை மீது அடுக்காக வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, குனிந்து பார்த்து மதிப்பெண் இட்டீர்கள். ஒன்றரை அடி தூரத்திலிருந்து பார்த்தால் நுணுக்கமான பென்சில் நிழலும் மயில் கழுத்து வண்ணக் கலவையும்தான் கண்ணில் படும். பரிசும் அவற்றுக்கே கிடைத்தது. இந்த ஆண்டு அந்த மேசையும் போய், கைப்பேசித் திரையிலோ மடிக்கணினியிலோ பார்க்கப் போகிறீர்கள். சுவரொட்டி என்பது நடந்து போகிறவரையும் வண்டியில் போகிறவரையும் நோக்கிப் பேசுவது. ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்கலாம் என்பது போர்டு எழுதுவோரின் கணக்கு. மூன்று அங்குல எழுத்து என்றால் முப்பதடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. முப்பதடி என்பது ஏறக்குறைய 9 மீட்டர்தான். அதாவது மூன்று அங்குல எழுத்தில் எழுதியதைப் படிக்கப் பேருந்துப் பயணிக்கு ஒரு நொடிகூட முழுதாகக் கிடைக்காது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகு, நான்கு வரி வாசகத்தை ஒரு வரியாக்கு என்று நான் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே வெட்டிவிடுகிறார்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அதற்குள் ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதினால் எழுத்து ஓர் அங்குலம் தேறுவதே கடினம். அந்த அளவைக் கட்டாயமாக்கிவிட்டு அதற்குச் சுவரொட்டிப் போட்டி என்று பெயர் வைத்தால், பிள்ளைகள் துண்டறிக்கை செய்யத்தான் கற்றுக்கொள்வார்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றிய குறை இன்னும் பெரியது. செயலிகளில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நினைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலும் கீழும் நீளாமல் ஒரே உயரத்தில் நிற்பவை. ஆகவே வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் அது முடியாது. மேல் வரியில் "கழுவுங்கள்" என்று எழுதிக் கீழ் வரியில் "நீரை" என்று எழுதிப் பாருங்கள். ழுவின் கீழ்ச்சுழி நீயின் மேற்சுழியில் போய் இடிக்கும். எழுத்தைத் தடிமனாக்கினால் ணகரத்தின் உள்வளைவுகள் அடைபட்டுத் தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும். புள்ளி சிறிதாகிவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகப் படிக்கப்படும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால், ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட வேண்டுமென்றால் அளவாலோ தடிப்பாலோ வண்ணத்தாலோதான் காட்ட முடியும். எதால் காட்டுவது என்பதை ஒவ்வொரு முறையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வேறு கணினியில் திறந்தால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாகச் சிதறுவதையும் ஃபிளெக்ஸ் கடைகளில் அன்றாடம் பார்க்கிறோம். கையில் தட்டைத் தூரிகையைக் கொடுத்து "ண" எழுதவைத்த பிள்ளைக்கு இந்தச் சிக்கல்கள் எல்லாம் விரல் வழியாகவே புரிந்துவிடுகின்றன. பிற்பாடு அவன் கணினிக்குப் போனாலும் எழுத்துகள் இடிப்பது அவன் கண்ணில் படும், வரி இடைவெளியைத் தானே கூட்டுவான். அந்தப் பயிற்சி இல்லாதவனுக்கு இடிப்பதே தெரியாது. நம்முடைய ஊர்களில் படிக்க முடியாத தமிழ்ப் பலகைகள் பெருகியிருப்பதற்கு இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக. எத்தனை வண்ணம் இருக்கிறது என்பதைவிட, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு எவ்வளவு இருக்கிறது என்பதே தூரத்துக் கண்ணுக்கு முக்கியம். வாடகை வண்டிகளின் எண் பலகையில் மஞ்சள் மீது கறுப்பு எழுத்து இருப்பதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பச்சை மீது சிவப்பில் எழுதினால் கிட்டத்தில் பளிச்சென்று இருக்கும், சிறிது தள்ளிப் போனால் எழுத்து கரைந்துவிடும். எங்கள் வேலூர் வெயிலில் அச்சிட்ட சுவரொட்டியின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சுவதையும் நாங்கள் சுவர்களில் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். கைப்பேசித் திரை பின்னாலிருந்து ஒளி பாய்ச்சுவதால் எந்த வண்ணமும் அதில் அழகாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மதிப்பெண் இடுவது நியாயமாகாது.

இந்தக் குறை உங்கள் போட்டியில் மட்டும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில், சில குறிப்புகளைக் கொடுத்துக் கவர்ச்சியான விளம்பரம் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா கேட்கப்படுகிறது. உண்மையில் அது மிக நல்ல வினா. ஆனால் அதற்கு எங்கள் பிள்ளைகள் பயிலும் முறை எப்படி இருக்கிறது? ஒரு கட்டம் போடு, நான்கு மூலையிலும் நட்சத்திரம் வரை, மேலே கடைப் பெயர், நடுவில் "ஹரி அப்", கீழே முகவரி. கடை மாறினாலும் பொருள் மாறினாலும் கட்டமும் நட்சத்திரமும் மாறுவதில்லை. நூறு விழுக்காடு உத்தரவாதம், உலகத்தரம் என்று மனப்பாடமாக எழுதுகிறார்கள். அதற்கு என்ன ஆதாரம் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. விளம்பரத்தில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் பதினைந்து வயதில்தானே கற்பிக்க வேண்டும்? தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் இந்த முறைக்கு மாற்றாக, பிள்ளை தானாக யோசிக்க ஒரே வாய்ப்பாக இருந்தது உங்கள் போட்டி. அதனாலேயே அதன் விதி மாறியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஓவிய வகுப்பு என்பது பெரும்பாலான பள்ளிகளில் அட்டவணையில் மட்டும் உள்ள வகுப்பு. பகுதிநேர ஆசிரியர்களாகிய நாங்கள் வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டவர்கள். அந்த நேரத்திலும் காலாண்டு, அரையாண்டு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் வகுப்பைக் கேட்பார்கள், கொடுத்துவிடுவோம். ஆனால் மாவட்டப் போட்டி என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், அதைக் காட்டி எங்களால் வகுப்பை மீட்டுக்கொள்ள முடியும். சார்ட் அட்டைக்கும் போஸ்டர் கலருக்கும் பள்ளி நிதியிலிருந்து கொஞ்சம் கேட்க முடியும். கோப்பு அனுப்பினால் போதும் என்று நீங்கள் அறிவித்த அன்றே, "அதான் செல்போன்லயே பண்ணிடலாமே, எதுக்கு பீரியடு?" என்ற கேள்வி எங்கள் ஆசிரியர் அறையில் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. என் பக்கம் பேச உங்கள் அறிவிப்பில்தான் ஒரு வரி இல்லை.

கையால் வரைந்தவற்றைச் சேகரிப்பதும் பாதுகாப்பதும் கடினம், வீட்டில் யாராவது வரைந்து கொடுத்துவிடுகிறார்கள் என்பது உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணம் என்று கேள்விப்பட்டேன். இரண்டும் உண்மையான சிரமங்களே. அக்காவும் அண்ணனும் வரைந்து கொடுத்த படங்களை நானும் பார்த்திருக்கிறேன். பிரௌசிங் சென்டர் அந்தச் சிரமத்தைத் தீர்க்கவில்லை, விலை வைத்துப் பெருக்கிவிட்டது. தீர்வு வேறிடத்தில் இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. கையால் வரைந்த சுவரொட்டிகளை ஏற்கமாட்டோம் என்ற விதியை இந்த ஆண்டே நீக்குங்கள். கணினியில் செய்பவர்களுக்கு விருப்பமிருந்தால் தனிப் பிரிவு வையுங்கள். அதிலும் ஆயத்த மாதிரியைப் பயன்படுத்தக் கூடாது என்றும், பென்சிலில் போட்ட முதல் வரைவுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றும் சொல்லுங்கள். இரண்டு பிரிவுக்கும் அந்த வரைவுகளைக் கட்டாயமாக்கினால், யார் யோசித்தது என்ற சந்தேகத்துக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும். ஏ4 அளவைக் கைவிட்டு முழு சார்ட் அட்டையை அளவாக வையுங்கள். இறுதிச் சுற்றைப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, தலைப்பை அங்கேயே பெற்று, நேரில் வரையும் போட்டியாக நடத்துங்கள். வட்டத்துக்கு ஓர் இடம் என்று வைத்தால் குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வேலூர்வரை பிள்ளைகளை அழைத்து வரும் செலவும் அலைச்சலும் இருக்காது. அட்டையும் வண்ணமும் நீங்களே தந்தால், வாங்க முடியாத பிள்ளையும் வாங்க முடிந்த பிள்ளையும் ஒரே நிலையில் நிற்பார்கள்.

நடுவர்களிடம் தனியாக ஒன்று வேண்டுகிறேன். சுவரொட்டிகளைச் சுவரில், கண் உயரத்தில் மாட்டுங்கள். பதினைந்தடி தள்ளி நின்று முதல் முறை பாருங்கள். எவை உங்களை நிறுத்தின, எவற்றின் வாசகம் படிக்க வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நெருங்கி வந்து வரைதிறனைப் பாருங்கள். இன்னாரை நோக்கிப் பேசுகிறது என்ற தெளிவு, தூரத்திலிருந்து படிக்க வருதல், தமிழ் எழுத்தின் அமைப்பு, சொன்னதின் உண்மை இவற்றுக்கு மதிப்பெண் எவ்வளவு என்பதை அறிவிப்பிலேயே வெளியிடுங்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதைப் பார்த்துத் தயாராவார்கள். நடுவர்களில் ஒருவராவது போர்டு எழுதியோ அச்சகத்தில் வடிவமைத்தோ அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ ஓட்டும், காவலாளி வேலை பார்க்கும் போர்டு ஆர்ட்டிஸ்டுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். போட்டிக்கு முன் ஒரு நாள், அவர்களைக் கொண்டு ஓவிய ஆசிரியர்களுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சி நடத்துங்கள். அந்தப் பயிற்சிக்கு ஊதியமின்றி உதவ நானும் வருகிறேன்.

பரிசு பெற்ற சுவரொட்டிகளை ஃபிளெக்ஸ் பேனராக்கிச் சாலையோரம் கட்ட வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனதை நாம் மறந்துவிடக் கூடாது. பொதுச் சுவர்களில் ஒட்டுவதற்கு 1959ஆம் ஆண்டின் சட்டம் தடையாக இருப்பதால், பேருந்து நிலையத்திலும் உழவர் சந்தையிலும் உரிய அனுமதியோடு ஒரு வாரம் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தாங்கள் செய்ததை வழிப்போக்கர்கள் நின்று பார்க்கிறார்களா, தாண்டிப் போகிறார்களா என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று தாங்களே பார்க்கட்டும். பரிசு பெறாதவற்றைத் திருப்பி அனுப்பும்போது ஒவ்வொன்றோடும், அதை மேம்படுத்த என்ன செய்யலாம் என்று நடுவர் எழுதிய இரண்டு வரி இருக்கட்டும்.

பெயர்ப் பதிவு முடிய இன்னும் சில வாரங்கள் உள்ளன. அதற்குள் திருத்திய அறிவிப்பைப் பள்ளிகளுக்கு அனுப்பும்படியும், இந்தக் கோரிக்கைகளில் ஏற்க இயலாதவை எவை, ஏன் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்